எனக்குக் கீழே மூன்று பேர்

இந்த மாதக் கடைசிக்குள் மேடை ஏறியே தீருவது என்று முடிவெடுத்தேன். அதற்காக ஒரு கோட்டும் வாங்கினேன். ஊரே பனியன் தைக்கும் திருப்பூரில், சித்திரை வெயிலில், கோட் மாட்டிக்கொண்டு நடந்தவன் நான் ஒருவன்தான். தெருநாய்கள்கூட ஒதுங்கி வழிவிட்டன.

எங்கள் வியாபாரம் சத்து மாவு. மாவு விற்பது பெரிய காரியமில்லை. விற்க ஆள் சேர்க்க வேண்டும். அந்த ஆள் இன்னும் ஆள் சேர்க்க வேண்டும். எனக்குக் கீழே மூன்று பேர் ஓடாமல் நின்றால் சில்வர் பட்டம், மேடையில் மாலை. அப்புறம் கோல்டு. அப்புறம் கார். வரப்போகிற காருக்கு ஷெட்டே கட்டிவிட்டேன்.

ஆனால் திருப்பூரில் ஆளை நிறுத்தி வைப்பது லேசா? பக்கத்துக் கம்பெனியில் டீயோடு வடையும் தருகிறார்கள் என்றால் மத்தியானமே அங்கே போய் உட்காருகிற ஊர் இது. என்னிடம் சேர்ந்தவர்களும் மாவு டப்பாவைத் திறப்பதற்குள் ஓடினார்கள். மிஞ்சியது டெய்லர் மணியன், செக்கிங் பழனாயி, அயர்ன் மாஸ்டர் அந்தோணிராஜ். அவர்களும் என் போனை எடுப்பதில்லை.

என்னை இதில் சேர்த்துவிட்ட அருள்செல்வன் சார் ஒரு மந்திரம் சொன்னார்.

"ஆளைச் சேக்கறது பெருசில்லீங்க, உறவாடோணும். போனைப் போட்டதும் சாப்ட்டீங்களான்னு கேளுங்க. அப்பறம் ஒடம்பக் கேளுங்க. நம்ம சோலிய கடைசியாத்தான் எடுக்கோணும்."

அருமையான யோசனை. உடனே அதை என் மனைவி தமிழ்மதியிடம் ஒப்படைத்தேன். வேலையைப் பிரித்துக் கொடுப்பவன்தானே தலைவன்!

"ஏனுங்க, உங்க ஆளுகளுக்கு நான் எதுக்குங்க பேசோணும்?"

"உன்ற கொரலு தேனு, தமிழு."

"நேத்து தகரம்னீங்க?"

"அது ஊட்டுக்குள்ள. போன்ல தேனு."

பேசினாள். பழனாயியின் முட்டி வலியை விசாரித்ததில் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நெய் மிதக்க அரிசிம்பருப்புச் சோறு. அடுத்த ஞாயிறும் வந்தார்கள். நான் கண்ணாடி முன்னால் மேடைப்பேச்சை உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, கார் ஷெட்டு சும்மாதான கெடக்குது. நான் எடுத்துக்கட்டுங்களா?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. பெரியோர்களே, தாய்மார்களே..."

கூட்ட நாள் வந்தது. என் பெயரைக் கூப்பிட்டு, என் ஆட்கள் மூவரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். மூன்று காலி நாற்காலிகள். அருள்செல்வன் சார் கையிலிருந்த மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். நான் கோட்டோடு பஸ் ஏறி வீட்டுக்கு ஓடினேன்.

கார் ஷெட்டுக்குள் ஒரே கடகடப்பு. வாடகை மிஷினில் மணியன் பனியன் தைக்கிறார். பழனாயி ஒவ்வொரு பீஸிலும் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாள். அந்தோணிராஜ் தேய்க்கிறான். நடுவில் முதலாளியம்மா தமிழ்மதி!

"ஏம்ப்பா, இப்படி என்னைய உட்டுட்டு ஓடிட்டீங்களே!"

"எங்கீங்க ஓடுனோம்? உங்க ஊட்டுலதான இருக்கறோம்!" என்றார் மணியன்.

"அம்மிணி பெருமாநல்லூர் கம்பெனில ஆர்டர் புடிச்சிருக்குதுங்க," என்றாள் பழனாயி. "இந்தச் சோத்தைத் தின்னுபோட்டு வேற எங்கீங்க போறது?"

"ஆர்டர் கெடைச்சுருமுங்க, ஆளு நிக்கறதுதான் கஷ்டம்," என்றாள் தமிழ்மதி. "அந்த வித்தையத்தான் நீங்களே சொல்லிக் குடுத்துட்டீங்களே! சரி, கோட்டக் கழட்டுங்க. நூலு ஒட்டும்."

கையில் கத்தரியைக் கொடுத்தாள். பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டும் வேலை. ஷெட்டிலேயே கடைசி வேலை. ஒரு வாரத்தில் இடுப்பு கழன்றது. மானமே பெரிது, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று கட்டிலில் சாய்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. ஷெட்டிலிருந்து தமிழ்மதி.

"சாப்ட்டீங்களா?"

தேன்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் குரலில் என்னை அவள் கேட்டதேயில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"இடுப்பு வலி எப்படீங்க?"

கண்ணே கலங்கிவிட்டது. "உன்ற கொரலக் கேட்டதும் பாதி போயிருச்சு புள்ள," என்றேன். வாழ்க்கையில் வேறென்ன வேண்டும் ஒரு மனுசனுக்கு?

"சரிங்க. பிசிறு வெட்ட முந்நூறு பீஸ் கெடக்குது, வந்துருங்க."