மூன்று நோட்டிலும் வந்த தண்ணீர்

படிக்காதவன் செய்யும் தப்பை மன்னித்துவிடலாம். அரைகுறையாகப் படித்தவன்தான் ஆபத்தானவன். நான் எட்டாம் வகுப்பு.

திருவனந்தபுரம் கரமனையில், கட்டட வேலைக்கு வந்த பதினாலு பேர் ஒரே வீட்டில் கிடந்தோம். குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். மற்ற நாளில் சிமெண்டோடு படுக்கை. எங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வித்யா என்ற மாணவி வந்தார். (இந்த ஊரில் பேனா பிடித்தாலே டீச்சர்.) அறிக்கையைக் கவுன்சிலர் முன்னால் படித்தால் புதுக் குழாய் கிடைக்கும் என்றார். எழுதத் தெரிந்தவன் என்று என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார்.

ஒரே விஷயத்தை மூன்று வழியில் பார்க்க வேண்டுமாம்: படிவம், பேட்டி, குழாயடியில் உட்கார்ந்து எழுதும் குறிப்பு.

படிவம் நிரப்பும்போது வீட்டுக்காரரின் மேஸ்திரி, அந்தப் பாவி, பக்கத்திலேயே நின்றான். எல்லோரும் ‘தினமும் தண்ணீர் வருகிறது’ என்று டிக் போட்டார்கள். பேட்டியில் அதே ஆட்கள் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் என்று கொதித்தார்கள். குழாயடியிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை; காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றும் மூன்று விதம். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குக்கு மூன்று விடை எழுதினால் முட்டியில் அடி விழும். எங்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட்டால் குழாய் போச்சு! படிவத்தில் மை, கையெழுத்து; அழிக்க முடியாது. மற்ற இரண்டும் என் பென்சில் எழுத்து. ரப்பரை எடுத்தேன்.

டீச்சருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். கூட்டத்தன்றுதான் நோட்டுகளை வாங்கி, கவுன்சிலர் முன்னால் அப்படியே படித்தார். "மூணு வழியிலும்... தினமும் தண்ணி வருது..." குரல் இறங்கிக்கொண்டே போனது.

எங்கள் பதினாலு பேரில் மூத்தவரான செல்லையா அண்ணன் சிமெண்ட் தலையோடு எழுந்தார். "ஏலே முத்து, நா குளிச்சு மூணு நாளாச்சுலே. எந்த நோட்டுல தண்ணி வருது? கொண்டா, அதுலயே குளிக்கேன்."

மேஸ்திரி கைதட்டினான். கவுன்சிலர் செருப்பை மாட்டிக்கொண்டார். "பின்னெ என்னை எந்தினா விளிச்சே?" (எதற்குக் கூப்பிட்டீர்கள் என்கிறார். நியாயம்தானே!)

அவர் போனதும் டீச்சர் வெடித்தார். "ஒத்துப்போகாததுதான் எனக்கு வேணும் முத்து! எழுத்துல ஒண்ணு, பேச்சுல ஒண்ணுன்னா நடுவுல எவனோ பயமுறுத்தறான்னு அர்த்தம். அதைப் பிடிக்கத்தானே மூணு வழி!"

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே டீச்சர்?" என்று நானும் கத்தினேன்.

"அழிக்கறதுக்கு முன்னாடி நீங்க கேட்டீங்களா?"

டீச்சர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். அந்தக் கோடை முழுக்க நாங்கள் ஆற்றிலிருந்து குடம் சுமந்தோம். குழாய் வந்தபோது அடைமழை. மேஸ்திரி மேல் இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. என் மேல் அதைவிட அதிகம்.

செல்லையா அண்ணன் இதை என் கல்யாணப் பந்தியிலேயே சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் குழம்பில் உப்பு இல்லை என்று நான் வாயைத் திறந்தால், என் மனைவி ஒரு ரப்பரைக் கொண்டுவந்து இலையோரம் வைக்கிறாள்.

"இல்லைங்கறதை அழிச்சிட்டுச் சாப்பிடுங்க."