அலமாரிக் கதவுக்கு முஸ்தீபு

முஸ்தீபுக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? இவர்கள் வேலை செய்வதில்லை, வேலைக்குத் தயாராவார்கள். அதிலேயே ஆயுசு போய்விடும்.

நம்மவர் ஒருவர் சமையலறை மர அலமாரிகளுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கக் கிளம்பினார்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வர்றா. அதுக்குள்ள முடிஞ்சிடுமாங்க?" என்றாள் மனைவி. இந்த வீட்டுக்கு முதல்முறையாக வரும் அக்கா. அவள் கண்ணில் சமையலறை லட்சணமாகப் பட வேண்டுமென்று தங்கைக்குக் கொள்ளை ஆசை.

"பெயின்ட் அடிக்கிறது அரை நாள் வேலை. அதுக்கு முன்னாடி செய்யறதுதான் முக்கியம்," என்றார். அவ்வளவுதான், போயிற்று.

பதினான்கு கதவுகளையும் கழற்றி, கீல்களை டப்பாவில் போட்டு, எது எங்கே என்று குழம்பாமலிருக்க ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் எண் எழுதி, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, கை பட்டுவிட்டதென்று மறுபடி துடைத்து, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, தடவிப் பார்த்து, "இன்னும் சொரசொரப்பா இருக்கே" என்று தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். வீடு முழுக்கத் தூசி. பிரைமர் டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மனிதர் முகத்தில் மட்டும் அப்படியொரு ஆனந்தம்.

சனிக்கிழமை மாலை, கடைசிக் கதவையும் முடித்துவிட்டு எண்களைத் தேடினார். எங்கே இருக்கும்? முன்பக்கம் பின்பக்கம் பாராமல் தேய்த்த கை எதை விட்டுவைத்தது? அப்படியே மாட்டிப் பார்த்தால் ஒரு கதவு இடித்தது, ஒரு கதவு இளித்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. முதல்லேருந்து அளவெடுக்கணும்," என்று டேப்பைத் தேடப் போனார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா வந்தாள். கதவில்லாத அலமாரிகளில் கைப்பிடி போன கோப்பைகளும் காலி பாட்டில்களும் வெட்டவெளிச்சமாக நின்றன. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெயின்ட் அடிக்கிறாராடி?" என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரர் பாத்ரூம் கதவைத் தேய்க்கக் கழட்டி எட்டு மாசமாச்சு. இங்கயாவது நிம்மதியா குளிக்கலாம்னுதான் வந்தேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் டேப்போடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஏதோ வேலையை ஆரம்பிக்குமுன் இதை மட்டும் படித்துவிடலாமென்று உட்கார்ந்தவர்தானே நீங்கள்?