பதினோராம் நிமிஷத்தில் அணையும் லப்டொப்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
16.06.2024, ஞாயிறு காலை

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த திலகமணிக்கு, உமது கணவன் இரத்தினசிங்கம் எழுதிக்கொள்வது.

கோணேசப் பெருமான் புண்ணியத்தில் எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. காய்ச்சல் லப்டொப்புக்குத்தான். உமக்கும், மகள் ஜெயரூபிக்கும், மருமகனுக்கும், பிறந்து நாலு மாதமாகியும் நான் இன்னும் முழுசாகப் பார்க்காத சின்னவளுக்கும் கனடாவின் காற்றும் தண்ணீரும் ஒத்துப்போகும் என்று நம்புகிறேன். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்கே கதிரையில் இருக்க ஏலாத சூடு. ஜெயரூபியோடு படித்த அஸ்மியா லீவு முடிந்து புதன்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறாள். அவளிடம் மிளகாய்த்தூளையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். எல்லாரையும் பக்கத்தில் இருத்திச் சத்தமாக வாசித்துக் காட்டலாம். ஒளிக்கிறதுக்கு இதில் ஒன்றுமில்லை.

துறைமுகத்தில் நான் வேலை செய்த காலத்தில் இழுவைப் படகின் எஞ்சின் நடுவழியில் நின்றுபோனால், எஞ்சின் டிறைவர் மறுநாளே எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். கடைசி மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நீர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே லப்டொப் அணைந்து போயிற்று. அதுவும் நீர் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்குகிற நேரம் பார்த்து. ஆகவே பொறுப்பான ஆள் என்ற முறையில் நடந்தது முழுவதையும் கீழே எழுதுகிறேன்.

போன் இருக்கத்தக்கதாக ஏன் லப்டொப்போடு மாரடிக்கிறார் என்று மருமகன் கேட்டதாக அறிந்தேன். அவருக்கு நீரே சொல்லும். முப்பத்திநாலு வருசம் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற காது இது. எனக்கு ஆட்களின் கதை காதால் வருவதில்லை, அவர்களுடைய வாயைப் பார்த்துத்தான் விளங்குகிறது. நீர் எனக்கு ஏதும் சொல்வதென்றால் குசினியில் கை வேலையை விட்டுவிட்டு வந்து, தோளில் தட்டி, முன்னுக்கு நின்றுதான் சொல்வீர். போனில் உம்முடைய முகம் தீப்பெட்டி அளவு. அதில் வாய் எவ்வளவு வரும்? லப்டொப்பில் என்றால் தட்டத்து அளவில் தெரிவீர். அதனால்தான் ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு நான் சவரம் செய்து, சேட் போட்டு அதற்கு முன்னால் இருக்கிறேன்.

ஆனால் அந்த லப்டொப் எப்படிப்பட்டது என்று உமக்குத் தெரியும். வெறும் கோதாக வாங்கினால் மலிவு என்று மருமகன் வாங்கித் தந்தது. உடம்பும் திரையும் எழுத்துக் கட்டைகளும் மட்டும் வரும், மூளையை, அதாவது புறொசெசரை, நாங்கள் வேறாக வாங்கிப் போட வேண்டும். அவர் போட்ட மூளை நல்ல பிள்ளை, ஆனால் மெதுவான பிள்ளை. மருமகனைக் குறை சொல்லவில்லை, இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசியும். மாசி மாதத்தில் ஒருநாள் நீர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டீர். கொட்டாவி விடுகிறீராக்கும் என்று நானும் மரியாதையாக நாலு நிமிஷம் காத்திருந்தேன். பிறகு சத்தம் தனியாக வந்தது, வாய் தனியாக அசைந்தது. வாய் "சாப்பிட்டீங்களோ" என்றது, கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி என்னவோ முனகியது. எதைப் பார்க்கிறது, எதைக் கேட்கிறது? இன்னொரு நாள் நீர் கண்ணை மூடினபடி நின்றுபோனீர். அன்று நான் ஒன்றும் செய்யவில்லை, மின்சாரம் போகும் வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இதைச் சரிக்கட்ட வேண்டும் என்று சித்திரை வருசப்பிறப்புக் கையோடு பஸ் நிலையத்தடியில் கடை வைத்திருக்கும் ஸாஜித்திடம் போனேன். கிண்ணியாப் பக்கத்து ஆள், கை நல்ல சுத்தம். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுட மூளைய மாத்தேலும். நாலு கோர் உள்ளது ஒண்டு கொழும்பிலிருந்து எடுத்துத் தாறன். ஆனா இந்த உடம்பு சின்ன மூளைக்குச் செஞ்ச உடம்பு. வேகம் கூடினா சூடும் கூடும், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். சூட்டைப் பற்றி எனக்கோ! "தம்பி, நான் எட்டுச் சிலிண்டர் எஞ்சினையே சூடேறாமல் வச்சிருந்தனான், இது கைக்குள்ள அடங்கிற சாமான், நீர் போடும்" என்றேன். போட்டார். அன்று பின்னேரம் நீர் வந்தீர் பாரும், திலகமணி! வாயும் சத்தமும் ஒன்றாக வந்தது. நெற்றியில் குங்குமம் கொஞ்சம் சரிவாக இருந்ததுகூடத் தெரிந்தது. "என்ன, இண்டைக்கு ஒரு மாதிரிப் பார்க்கிறியள்" என்று கேட்டீர். பதில் சொல்ல வாயெடுத்தேன், படக்கென்று இருட்டிப் போயிற்று. மணியைப் பார்த்தேன், ஆறு பதினொன்று. அடியில் கை வைத்தால் தோசைக்கல்லு.

அடுத்த கிழமையும் பதினொரு நிமிஷம், அதற்கடுத்த கிழமையும் பதினொரு நிமிஷம். சரி, நானே பார்ப்போம் என்று திருகாணி கழற்றினேன். மூளைக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் ஸாஜித் ஏதோ பசை பூசியிருந்தார், ஒரு அரிசி மணி அளவு. இவ்வளவு கஞ்சத்தனமாகப் பூசினால் எந்த எஞ்சின்தான் ஓடும்? நாங்கள் படகில் கிறீஸை அகப்பையால் அள்ளி வைத்த ஆட்கள் அல்லவோ. அவர் தந்துவிட்ட குழாயை முழுசாகப் பிதுக்கி, விளிம்பால் வழியும் வரைக்கும் அப்பி மூடினேன். அன்று ஏழு நிமிஷம்தான் ஓடியது. ஸாஜித் திறந்து பார்த்துவிட்டுப் பஞ்சை எடுத்தார். பிறகு, "ஐயா, இது கிறீஸ் இல்ல. இடையில இருக்கிற காத்த எடுக்கிறதுக்கு மட்டும்தான் இது. கூடினா அதுவே சூட்டப் போகவிடாது" என்றார். பஞ்சால் அரை மணித்தியாலம் துடைத்தார். நான் சும்மா இருக்காமல், கடல் தண்ணியை ஒரு சின்னக் குழாயால் உள்ளுக்கு இழுத்துச் சூட்டைக் கொடுத்து வெளியில் விட்டால் என்ன, படகில் அப்படித்தானே என்று கேட்டேன். அவர் லப்டொப்பைத் தூக்கி என் கைக்கு எட்டாத தட்டில் வைத்தார்.

தண்ணி கூடாதென்றால் ஐஸ் கூடாதென்று அவர் சொல்லவில்லை. சாம்பல்தீவு மதுசன் மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, மூடியின் மேல் துவாயை விரித்து, அதன் மேல் லப்டொப்பை வைத்தேன். குளிர்ச்சி நல்ல குளிர்ச்சிதான். ஆனால் அந்தப் பெட்டி ஏழு வருசமாக மீன் சுமந்த பெட்டி. அஞ்சாம் நிமிஷத்தில் மூன்று பூனை வந்து வரிசையாக இருந்தன. "வீட்டில மீனோ? ஆர் சமைச்சது?" என்று நீர் கண்ணை அகட்டிக் கேட்டது அன்றைக்குத்தான். ஒருத்தரும் சமைக்கவில்லை, சத்தியம். பெட்டைப் பூனை எழுத்துக் கட்டைகள் மேல் ஏறி நின்று உம்முடைய முகத்தை நக்கப் பார்த்ததும் உண்மை. லப்டொப்பின் வயிற்றடியில் பனி பிடித்துச் சொட்டத் தொடங்கியது, அதன் பிறகு 'ம' எழுத்து வேலை செய்வதில்லை. உம்முடைய பெயரை இப்போது அதில் எழுத ஏலாது.

கடைசியாகக் கடற்காற்றை நம்பினேன். லப்டொப்பையும் ஸ்ரூலையும் தூக்கிக்கொண்டு வீதிக்கு எதிர்ப்பக்கம் உள்துறைமுகக் கரைக்குப் போனேன். காற்று வாகாக அடித்தது. எங்கள் பழைய படகு கட்டியிருக்கிறது, அதையும் காட்டுவோம் என்று திரையை அந்தப் பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான், காவலுக்கு நின்ற சிப்பாய் வந்துவிட்டார். துறைமுகத்துக்கு நேரே கமறாவைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவன் "தெரியுதோ? இப்ப தெரியுதோ?" என்று கத்தினால் அவர் வேறு என்ன செய்வார்! எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மனுசி கனடாவில் என்றேன். அவர் குனிந்து பார்த்தார், நீர் முந்தானையைச் சரிசெய்து கும்பிட்டீர். "கொஹொமத நோனா" என்று அவர் நலம் கேட்டார். நீர் அவருக்குப் பதில் சொன்னீர், அவர் ஊர் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார். என்னுடைய பதினொரு நிமிஷத்தில் எட்டு நிமிஷம் அந்த மனுசனோடு போயிற்று. நல்ல ஆள்தான். ஆனால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஸாஜித் கடைசியாக ஒருமுறை அதை முழுசாகக் கழற்றிப் பார்த்தார். இனித் தான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே இன்று பின்னேரமும் பதினோராம் நிமிஷத்தில் அணையும் என்றே எதிர்பார்க்கிறேன்.

இனி உம்முடைய கேள்விக்கு வருவோம். விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டலாம், பிள்ளை வேலைக்குத் திரும்பப் போகிறாள், நில்லுங்கோ அம்மா என்கிறாள், ஆடி ஒன்பதாம் திகதி ரிக்கெற்றை மாற்றட்டோ என்று மூன்று கிழமையாகக் கேட்கிறீர். தாராளமாக நில்லும். பிள்ளைக்கு உதவியாக இருப்பதுதான் முறை. எனக்கு இங்கே ஒரு கரைச்சலும் இல்லை. பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போவது எனக்குக் கேட்பதில்லை, ஆனபடியால் பாண் இல்லை, பிஸ்கற் இருக்கிறது. ஆட்கள் கதவைத் தட்டினாலும் கேட்காது என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். போன கிழமை தெருவில் திரிகிற மான் ஒன்று உள்ளே வந்து கலண்டரில் ஆடி மாதத்தைப் பாதி தின்றுவிட்டுப் போனது. நீர் வரும் திகதியும் அதில்தான் போயிற்று, நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆறு மாதம் என்ன, கண் மூடித் திறக்க ஓடிவிடும். ரிக்கெற்றை மாற்றும்.

மருமகனுக்கு என் அன்பு. ஜெயரூபி நேரத்துக்குச் சாப்பிடட்டும். சின்னவள் நோய்நொடி அண்டாமல், நல்ல காதும் நல்ல வாயுமாக வளர ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உம்முடைய
வே. இரத்தினசிங்கம்
(இளைப்பாறிய எஞ்சின் டிறைவர்)

பின்குறிப்பு: சத்தமாக வாசிக்கிறதை மேலே நிற்பாட்டும். இது உமக்கு மட்டும்.

ஸாஜித் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்னது, எல்லாம் சரிவந்துவிட்டபடியால்தான். வைகாசிக் கடைசியில் விசிறியையே கழற்றினார். அதன் அச்சில் தலைமயிர் சுற்றிச் சுற்றி அடைத்துப்போய்க் கிடந்தது. நரையும் கறுப்புமாய், நீளம் நீளமாய். நீர் தலை முழுகிவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்துதானே முடி உலர்த்தி நாடகம் பார்ப்பீர். "இதுதான் ஐயா சூட்டுக்குக் காரணம், விசிறி சுத்த ஏலாம கிடந்திருக்கு" என்று சாவணத்தால் இழுத்து எடுத்துக் குப்பையில் போடப் போனார். இஞ்ச தாரும் என்று வாங்கிக்கொண்டேன். அவர் கடுதாசியில் சுற்றித் தந்தார். அலுமாரியில் இருக்கிறது.

அன்றிலிருந்து லப்டொப் இரண்டு மணித்தியாலம் ஓடினாலும் பச்சைத் தண்ணிபோலக் குளிராக இருக்கிறது. மூன்று ஞாயிறும் அணைந்தது சூட்டால் இல்லை, என்ர விரலால். நீர் ரிக்கெற் என்று வாயெடுக்கிறது எனக்கு மற்ற எல்லாரிலும் முதல் தெரியும். பிள்ளையும் பக்கத்தில் நிற்கிறாள். நில்லும் எண்டு சொல்ல வாய் வராது, வாரும் எண்டு சொல்ல வெட்கம். அதுதான் அமத்திவிடுறனான்.

மேலே ஆறு மாதம் நில்லும் எண்டு எழுதினது பிள்ளை கேட்கிறதுக்காக. ஏலாது திலகமணி. ஆறு நாள் கூட ஏலாது. பிள்ளையிட்ட, அப்பாவுக்குச் சுகமில்லை, லப்டொப் பழுது, மான் வீட்டுக்குள்ள வருது, எதையாவது சொல்லும். ரிக்கெற்றை மாத்தாதையும். வாரும்.