பின் தெருவுக்கு ஒரு குழாய்

இனிமேல் இந்த வீட்டில் என் வார்த்தைதான் நடக்கும் என்று முடிவெடுத்தேன். சாக்கடைக் குழாய் விஷயத்தில்தான். போயும் போயும் சாக்கடையில் வீராப்புக் காட்டினேனே, என் புத்தியை என்ன சொல்ல!

காரைக்குடியில் எங்கள் வீடு முன் தெருவில் நுழைந்தால் பின் தெருவில் இறங்குகிற நீளம். மூன்று பங்காளிகளுக்குப் பொது. முன்பக்கம் என் சீட்டாட்ட ரூம். பின்பக்கம் என் சம்சாரம் தேனம்மையின் அடுப்படி. பழைய குழாய் நொறுங்கி, அடுப்படியில் சாக்கடைத் தண்ணீர் எதுக்களித்தது. புதுக் குழாய் போட ரோட்டை வெட்ட வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குப் பங்காளிகள் கையெழுத்து வேண்டும். தேனம்மை சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். நான் "பாப்போம், பாப்போம்" என்று சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இங்கேருங்க, நீங்க அலைய வேண்டாம். நானே மனுப் போட்டுர்றேன். குழாயை முன் தெருவுக்குக் கொண்டு போயிரலாம்."

"முன் தெருவுக்கா? எந்த வழியா?"

"உங்க ரூம் வழியாத்தான். நட்டநடுவுல தோண்டணும்."

"அப்ப நாங்க எங்குட்டு உக்காந்து ஆடுறது?"

"குழிக்கு அங்குட்டு ரெண்டு பேரு, இங்குட்டு ரெண்டு பேரு."

அவள் கிளம்புவதற்குள் 'பின் தெரு' என்று எழுதி நான் முந்திக்கொள்ள வேண்டும். வரி ரசீதைத் தேடினேன். வீட்டுப் படம் வரைந்தேன். சென்னைப் பங்காளி கையெழுத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டான். மிச்சம் இன்னொரு பங்காளி, அடுத்த தெரு மெய்யநாதன். பொங்கலன்று பொது வளவு முற்றத்தில் எங்கள் பானைதான் முதலில் பொங்கியது என்று நான் கூவியதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அவன் வாசலில் போய் நின்றேன்.

"மெய்யா, ஒரு கையெழுத்து..."

"யாரு பானை முதல்ல பொங்குச்சு?"

"அது இப்ப எதுக்குப்பா?"

"அப்ப போயிட்டு வா."

"சரி, உன் பானைதான்."

"காதுல விழுகலையே."

"உன் பானைதாம்ப்பா! உன் பானைதான்!"

தெருவே கேட்டது. கையெழுத்துப் போட்டான். சத்தியமாக எங்கள் பானைதான் முதலில் பொங்கியது. பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்ததுபோல் இன்னமும் மனசு ஆறவில்லை.

அனுமதி வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேனம்மையிடம் நீட்டினேன்.

"பின் தெருவா? நல்லதாப் போச்சு. முன்பக்கம் மேடு, தண்ணி ஓடாதுன்னு கொத்தனாரு அப்பவே சொல்லிட்டாரு."

"பிறகு ஏன் முன் தெருன்னு சொன்ன?"

"சொல்லலேன்னா நீங்க எந்திரிச்சிருப்பீகளா?"

"மெய்யநாதன்கிட்ட என் மானமே போச்சு, தேனு!"

"அவுக வீட்டு ஆச்சிகிட்ட நான் முன்னாடியே பேசிட்டேன். கேட்டதும் கையெழுத்துப் போடுறதாத்தான் இருந்தாக. நீங்கதான் அவசரப்பட்டுப் பானையை விட்டுக் குடுத்துட்டு வந்தீக."

போகட்டும், ரூமாவது தப்பித்ததே என்று தேற்றிக்கொண்டேன்.

பின்பக்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் ஆசையாக ரூம் கதவைத் திறந்தேன். உள்ளே கேஸ் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அடுப்படியத் தோண்டிட்டா நான் எங்குட்டுச் சமைக்கிறது?" என்றாள் தேனம்மை. "வேலை முடியிற வரைக்கும் இங்கதான்."

என் சீட்டு ஜமா மூன்று பேரும் வழக்கம்போல் வட்டமாக உட்கார்ந்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் காசி கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

"சீக்கிரம் உக்காருப்பா, தேனம்மை ஆச்சி சத்தம் போடுறாக."