மாமா கிளப்பிய வண்டி

ஓட்டிப் பார்க்க வாங்கி வந்த வண்டியைச் சாவு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. பிள்ளைகளே, இதை உங்களுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன், எனக்கும் சொல்லித்தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

கோலியனூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து மல்லாட்டை மூட்டையும் காய்கறியும் ஏற்றி விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கொண்டுபோவது என் பிழைப்பு. (மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.) என் பழைய வண்டி படுத்துவிட்டதால் வேறு பிக்கப் வாங்க வேண்டியிருந்தது. டீசலா, ஹைபிரிட்டா என்பதுதான் கேள்வி. டீசல் வண்டியை உங்களுக்குத் தெரியும். கத்தும், புகை விடும், ஆனால் சொன்ன வேலையைச் செய்யும். ஹைபிரிட் என்பது செல்போனுக்குப் போடுவதுபோல் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளும் வண்டி. கொஞ்ச தூரம் பேட்டரியில் ஓடும், பிறகு எண்ணெயில் ஓடும்.

திண்டிவனத்தில் ஒரு பட்டறைக்காரர் பழைய பிக்கப் ஒன்றை அப்படி மாற்றி வைத்திருந்தார். பின்னால் லோடு ஏற்றும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட்கூட இருந்தது. அதில் டிரில்லிங் மிஷின் போடலாம், மிக்ஸி போடலாம் என்றார். (மல்லாட்டை மூட்டை மேல் உட்கார்ந்து சட்னி அரைக்கப் போவது யார் என்று நான் கேட்கவில்லை.) இன்னும் என்னென்னவோ விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன். இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று வண்டியைக் கொடுத்தார்.

என் மனைவி தனத்தின் அப்பா, அதாவது எங்கள் மாமா, டீசல் கட்சி. வாழ்நாள் முழுக்க டிராக்டர் ஓட்டியவர். அவருக்குக் காட்ட வண்டியை அவர் வீட்டு வாசலுக்கு ஓட்டிப்போனேன். கட்டிலில் படுத்தபடியே ஒரு பார்வை பார்த்தார்.

"சத்தம் போடாத வண்டிய நம்பாதீங்க மாப்ள. உள்ள இன்னா நெனச்சிக்கினு இருக்குதுன்னே தெரியாது."

அதுதான் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது. அன்றைக்குச் சாயங்காலமே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அதே வண்டியில்தான் தனத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். டீசல் வண்டியாக இருந்தால் இஞ்சின் சத்தத்தில் ஒரு பெண் தன் பாட்டுக்கு அழுதுகொண்டு போகலாம். இதில் முடியாது. அவள் விசும்புவது டீக்கடை வரைக்கும் கேட்டது. நான்தான் அடித்துவிட்டேன் என்று நினைத்து ஒருவர் வண்டியை மறித்தே விட்டார்.

மாமாவை வீட்டு வாசலில் பந்தலுக்கடியில் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். தனத்தின் அண்ணன் சேகர் துபாயிலிருந்து வர வேண்டும். நாலு வருஷமாக ஊருக்கு வராதவர். "எப்படியாச்சும் வெச்சிருங்க மாப்ள. மூஞ்ச மட்டும் ஒருக்கா பாத்துக்கறேன்" என்று போனில் அழுதார். வைத்திருக்கிறோம் மச்சான் என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

அன்றைக்குப் பார்த்து எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். பெட்டிக்காரர் கொண்டுவந்த ஜெனரேட்டர் இரண்டு இழுப்புக்குப் புகைந்துவிட்டு அடங்கிப்போனது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது எனக்குப் பிளக் பாயிண்ட் ஞாபகம் வந்தது. வண்டியைப் பின்பக்கமாகப் பந்தலோடு ஒட்டி நிறுத்தி, பெட்டியின் வயரைப் போட்டேன். பெட்டி மெல்ல உறுமிக் குளிர ஆரம்பித்தது.

அப்போது எனக்குள் வந்த பெருமையை என்னவென்று சொல்வது? அழ வேண்டிய மருமகன் அழாமல், துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் வண்டியைச் சுற்றிக் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருந்தேன். மாலையோடு வந்த ஒருவரிடம் மைலேஜ்கூடச் சொன்னேன். தனத்தின் சித்தப்பா மகன் ஏழுமலை டீசல் பிக்கப் வைத்திருப்பவர். அவர் முன்னால் மட்டும் இரண்டு தரம் சுற்றினேன்.

மத்தியானம் மேளக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். தெருவே அமைதியாக இருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், பெட்டிமேல் கை வைத்துத் தனியாக அழுதுகொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் ஓட்டினியே என் ராசா, ஒருக்கா எழுந்து வந்து வண்டியக் கிளப்ப மாட்டியா..."

வண்டி கிளம்பியது.

சீட்டில் ஆள் இல்லை. சாவி என் சட்டைப் பையில். இஞ்சின் மட்டும் ஒரு உதறு உதறி, கரும்பு ஏற்றிய டிராக்டர்போல் உறுமியது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். முதலில் ஓடியது யார் என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து இல்லை. நான்தான். ஓடியவன் சும்மா ஓடவில்லை. வயரில் காலைக் கொடுத்து, அந்த வயர் பந்தல் காலைச் சுற்றி, பந்தல் கால் சாய்ந்து பெட்டியின் கண்ணாடி மூடிமேல் விழுந்து, மூடி நொறுங்கிப்போனது. ஓடாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமா. இன்னொருவர் அத்தை.

தெருமுனையில் நின்று பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன்.

"பிளக்குல ஏதாச்சும் ஓடி பேட்டரி எறங்கினா, சாவி இல்லாட்டியும் இஞ்சின் தானா எடுத்துக்கும், பயந்துடாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனேண்ணா" என்றார் நிதானமாக. "நீங்ககூட தலையாட்டினீங்களே."

அதாவது, பிள்ளைகளே, வண்டிமேல் ஒரு தப்பும் இல்லை. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால், கரண்ட் வரும் வரைக்கும் அதுவே பெட்டியைக் குளிர வைத்திருக்கும்.

திரும்பி வந்தபோது ஏழுமலை பந்தல் காலைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். "ஏன் மாப்ள, பெரியப்பா உங்களையா கூப்ட்டாரு?" என்று கேட்டார். நாலு பேர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். அழுதார்களா சிரித்தார்களா என்று நான் பார்க்கவில்லை.

வேறு பெட்டிக்கு அலைந்தோம். விழுப்புரத்துப் பெட்டிகளெல்லாம் வேறு வேறு சாவு வீடுகளில் இருந்தன. திண்டிவனத்துப் பெட்டி ராத்திரிதான் காலியாகும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் சேகரின் போன் வந்தது. பிளேன் இன்னும் கிளம்பவில்லை, விடியற்காலைதான் வந்து சேர முடியும் என்றார். வெளியே கத்திரி வெயில். இனிமேல் தாங்காது, எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நான் ஐஸ் கட்டி வாங்கி வருகிறேன் என்று கெஞ்சினேன். நான் ஏதாவது செய்கிறேன் என்று சொன்னதே அவர்களைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன், சீக்கிரமாகவே எடுத்துவிட்டார்கள். மகன் வைக்க வேண்டிய கொள்ளியை ஏழுமலை வைத்தார். அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சேகர் விடியற்காலையில் வந்தார். நேராகச் சுடுகாட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. பக்கத்தில் குந்திக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். நான் கொஞ்சம் தள்ளி, எதையும் தொடாமல் நின்றேன்.

கடைசியில் டீசல் வண்டிதான் வாங்கினேன். எல்லோரும் அந்த ஹைபிரிட்டைப் பேய் வண்டி என்றார்கள். தனம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டி நின்ன எடத்துலதான் நின்னுது. ஓடினது நீங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் அந்த வண்டியின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் மிக்ஸி திடீரென்று சுற்றினாலும், தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தாலும், "மாமா எழுந்துட்டாரு, மாப்ளய புடிங்க" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அத்தையே சொல்வார்.

சேகர் துபாயிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார். அம்மா என்ன சொல்லி அழுதது, வண்டி எப்படி உறுமியது, நான் எந்தக் காலை வயரில் விட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மூச்சு முட்டச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஒன்று கேட்பார்.

"கண்ணாடி ஒடஞ்சிதே, அப்ப அப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சி மாப்ள?"

அப்போது நான் தெருமுனையில் இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சிரிச்சிக்கினு இருந்தாரு மச்சான்" என்பேன்.