மாப்பிள்ளைத் தவளை வேறு கூட்டம்

"க்வீக்!"

குடத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

'பொண்ணுக்கு வெட்கம்' என்று நினைத்துக்கொண்டு, குடத்தைத் தோளில் வைத்து நடந்தேன்.

அன்றைக்கு என் வேலை இதுதான்: மழைக்காக ஊரார் நடத்தும் தவளைக் கல்யாணத்துக்கு ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண் பிடித்து வர வேண்டும்.

யாரும் என் தலையில் கட்டவில்லை. நானேதான் கேட்டு வாங்கினேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பஞ்சு மில்லில் எனக்கு ராக்காவல். பகலில் படுத்தால் கண்ட கவலையும் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். அதற்குப் பயந்தே ஊர்வேலையில் போய் விழுவேன். போதாக்குறைக்கு, சாமான் மடித்து வந்த காகிதங்களில் எழுத்துக் கற்றவன் என்பதால் 'எல்லாம் தெரிஞ்சவர்' என்று ஒரு பேர். எனக்கும் கொஞ்சம் அந்த நம்பிக்கை உண்டு.

ஊர்க்கவுண்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "பாத்துப் புடியப்பா. ரெண்டும் ஒரே கூட்டமா இருந்துறப் போவுது!"

குலத்தைத்தான் எங்கள் பக்கம் கூட்டம் என்போம். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. அவர் சிரிப்புக்குச் சொன்னார். நான் நிசமாகவே எடுத்துக்கொண்டேன்.

கிணற்றடியில் ஒரே ஜாடையில் நாலைந்து தவளைகள். வேண்டாமென்று ஒதுக்கிவிட்டேன். எல்லாம் பங்காளிகள்!

கிணற்றுக்குள் உள்ளங்கை கொள்ளாத மஞ்சள் தவளை: மாப்பிள்ளை. வாழைமட்டை இடுக்கில் கட்டைவிரல் அளவு மரத்தவளை: பெண். இதைவிட வேறு கூட்டம் எங்கே கிடைக்கும்?

இரண்டையும் ஒரே குடத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டினேன். தாலி ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் பழகட்டுமே!

வேப்பமரத்தடியில் ஊரே நின்றது. பெண்ணுக்குத் தாயாக நின்றவள் பாவாயி. மழையில்லாமல் அவள் கத்தரி நாத்து வாடிக் கிடந்தது. குடம் குடமாகத் தூக்கி ஊற்றி இடுப்பு ஒடிந்தவள். விரலகலச் சிவப்புத் துணியும் நூலளவு மஞ்சள் கயிறும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

குடத்தைத் திறந்தேன். மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு எங்கீங்க?" என்றாள் பாவாயி.

"உள்ளதானுங்க இருக்கோணும்."

குனிந்து பார்த்தாள். மாப்பிள்ளை வாயோரம் இரண்டு குட்டிக் கால்கள்!

"ஐயோ சாமி! எம் பொண்ண முழுங்கறானே!"

நான் காலைப் பிடித்து இழுத்தேன். மாப்பிள்ளை விடவில்லை. கவுண்டர் மாப்பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இரு வீட்டாரும் இழுத்தோம்.

பளக்!

பெண் உயிரோடு வெளியே வந்தாள். பாவாயி கையில் ஒரு கணம் இருந்தாள். ஒரே தாவு. வேப்பங்கொப்பில் மறைந்துவிட்டாள்.

கவுண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏப்பா, இனி இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"வேற ஒண்ணு புடிச்சாரட்டுங்களா?"

"எதுக்குங்க, அதையும் திங்கறதுக்கா?" என்றாள் பாவாயி.

"வேற வேற கூட்டமாப் பாக்கச் சொன்னது நீங்கதானுங்க" என்றேன் கவுண்டரிடம்.

"கூட்டந்தானப்பா பாக்கச் சொன்னேன். ஒண்ணுக்கு ஒண்ணு சோறா இருக்கறதையா பாக்கச் சொன்னேன்?"

சனங்கள் கலைந்தார்கள். மாப்பிள்ளையைக் கிணற்றில் விட்டேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் குதித்தார். பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட கோபம்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

பாவாயி குடத்தைக் கழுவி என் கையில் கொடுத்தாள். "வர்ற மழையத்தான் கெடுத்துப்போட்டீங்க. வாங்க, தண்ணியாச்சும் சேந்துங்க."

நான் சேந்தினேன். அவள் ஒவ்வொரு நாத்தாக ஊற்றிக்கொண்டு போனாள்.