ஒன்றுக்குப் பின்னால் சைபர்

கொசு, கரப்பான், மூட்டைப்பூச்சி வரிசையில் நம் வீடுகளில் வாழ்கிற இன்னோர் இனம் உண்டு: சைபர்க்காரர். உலகத்தின் முதல் உயிர் தற்செயலாகத் தோன்றியிருக்க முடியாது என்று தினம் ஒருவருக்காவது கணக்குப் போட்டுக் காட்டாவிட்டால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணப் பத்திரிகை, மின்கட்டண ரசீது, பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பிரிக்காத செய்தித்தாள், எதையும் விடமாட்டார். முதலில் ஒன்று போடுவார். அப்புறம் சைபர்தான்.

இப்படி ஒருவருக்கு வாய்த்த சம்பந்தியோ ரசாயன வாத்தியார்! சைபர்க்காரரின் மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனதும் நர்ஸ் அவரிடம் மருந்துச் சீட்டைக் கொடுத்தாள். "சீக்கிரம் வாங்கிட்டு வாங்க. டாக்டர் காத்துட்டிருக்காங்க."

ஓடினார். பாவம், செருப்பைக்கூட மாட்டாமல்தான் ஓடினார். மருந்துக்கடை வரிசையில், தலைவலி மாத்திரைக்காக நின்றிருந்தார் சம்பந்தி.

"உயிருங்கிறது எவ்வளவு பெரிய அதிசயம், பாத்தீங்களா?" என்று இவர் பெருமூச்சு விட்டதுதான் தாமதம்.

"இதுல என்ன அதிசயம்? கடலும் ரசாயனமும் கோடிக்கணக்கான வருஷமும் இருந்தா எல்லாம் தானா நடக்கும்."

"தானாவா? அத்தனை சரக்கும் சரியான வரிசையில தற்செயலா கோத்துக்க என்ன வாய்ப்பு தெரியுமா?"

பேனா வந்துவிட்டது. காகிதம்? கையிலேயே இருந்ததே! அதில் 'ஊசி மருந்து: 1' என்று டாக்டரே ஆரம்பித்தும் வைத்திருந்தார்.

100000000000000000000000000

"முயற்சி ஒரே இடத்துலயா நடந்துச்சு? கடல் பூரா நடந்துச்சு! பாதிய அடிங்க" என்று சம்பந்தி பேனாவைப் பிடுங்கி அடித்தார். இவர் பிடுங்கி மறுபடியும் போட்டார். பின்னால் நின்ற பெண் இருவரையும் தாண்டிப் போய், மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊருக்கே ஊசி போடப் போறீங்களா சார்? மருந்து பேரையும் அடிச்சு வச்சிருக்கீங்க. போய் வேற எழுதி வாங்கிட்டு வாங்க."

அப்போதுதான் சைபர்க்காரருக்கு உறைத்தது. "ஐயோ, என் பொண்ணு!" என்று படியேறி ஓடினார். சம்பந்தியும் பின்னாலேயே ஓடினார். கதவருகே நர்ஸ்.

"உங்கள நம்பியிருந்தா விளங்கினாப்லதான்! வார்டுல இருந்ததை எடுத்துப் போட்டாச்சு. பேத்தி பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

சைபர்க்காரர் தேம்பித் தேம்பி அழுதார். சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். குழந்தையைக் காட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"மூக்கு அப்படியே என்னோடது! இது தற்செயலா அமைய வாய்ப்பு..."

சம்பந்தி பேனாவை நீட்டினார். நர்ஸ், கையிலிருந்த காகிதங்களை எல்லாம் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. மேலே உள்ள சைபர்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தீர்களா? எண்ணியவர்கள் தயவுசெய்து மருந்துக்கடைக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள்.